ஹாலோவீன் விருந்து: சின்னக் குழந்தையும் பயப்படாமல் மகிழ என்ன செய்யலாம்?

கேள்வி: நாங்கள் இந்தக் கோடையில்தான் நியூ ஜெர்சியின் எடிசன் நகருக்குக் குடிவந்தோம். எட்டு வயதில் ஒரு மகளும் மூன்றரை வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். அக்டோபர் 31-க்கு முந்தைய சனிக்கிழமை மாலை, வகுப்புத் தோழிகள் ஆறேழு பேரை அழைத்து வீட்டில் ஹாலோவீன் விருந்து வைக்க வேண்டும் என்று மகள் ஆசைப்படுகிறாள். அந்தக் குழந்தைகளில் ஒருத்திக்கு வேர்க்கடலை ஒவ்வாமை உண்டு. நாங்கள் சைவம். அடுக்குமாடி வீடு, இடமும் குறைவு. அதிகச் செலவில்லாமல் என்ன கைவேலை, என்ன தின்பண்டம், என்ன விளையாட்டு வைக்கலாம்?

பதில்: இந்த விருந்துக்கு அளவுகோல் உங்கள் மகளல்ல, மூன்றரை வயது மகன்தான். அவன் பயப்படாத அலங்காரம், அவன் தொண்டையில் சிக்காத தின்பண்டம், அவன் கையிலும் நிற்கிற கைவேலை என்று தேர்ந்தெடுத்துவிட்டால், எட்டு வயதுக் குழந்தைகளுக்கு அதையே சற்றுக் கடினமாக்கித் தருவது எளிது. பெரிய குழந்தைகளுக்கென்று திட்டமிட்டுவிட்டுச் சிறியவனை ஓரத்தில் உட்காரவைத்தால், அரை மணி நேரத்தில் அழுகை வரும். மாலை மூன்றரை மணிக்குத் தொடங்கி ஐந்தரைக்கு முடித்துவிடுங்கள். இந்த வயதினருக்கு இரண்டு மணி நேரம் போதும். அக்டோபர் கடைசியில் உங்கள் ஊரில் ஆறு மணியளவில் சூரியன் மறைந்துவிடுவதால், இருட்டுவதற்குள் எல்லோரும் வீடு திரும்பவும் முடியும்.

குழந்தைகள் ஒரே நேரத்தில் வந்து சேர மாட்டார்கள். ஆகையால் முதல் அரை மணி நேரத்தைக் கைவேலைக்கு ஒதுக்குங்கள். வந்தவுடன் உட்கார்ந்து தொடங்கலாம், எந்த இடத்திலும் நிறுத்தலாம். இதற்கு நான் முதலில் பரிந்துரைப்பது கஞ்சி போட்ட துணிப் பேய். கால் மீட்டர் சதுர அளவில் மெல்லிய வெள்ளைத் துணிகளை வெட்டிக்கொள்ளுங்கள். சீஸ் கிளாத் என்று மளிகைக் கடையில் கிடைப்பதே போதும். ஒரு கோப்பைத் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஸ்டார்ச் கரைத்துக் கொதிக்கவைத்தால் பருத்திப் புடவைக்குப் போடுவது போன்ற கஞ்சி கிடைக்கும். அது நன்றாக ஆறிய பிறகு துணியை முக்கிப் பிழிந்து, கண்ணாடிப் பாட்டிலின் தலையில் ஊதிய சிறு பலூனை ஒட்டி, அதன்மேல் கூடாரம்போல் விரித்துவிட வேண்டும். பாட்டிலுக்கும் பலூனுக்கும் முன்கூட்டியே பிளாஸ்டிக் தாள் சுற்றியிருந்தால் துணி ஒட்டிக்கொள்ளாது. ஓரிரவு காய்ந்த பின் பலூனின் காற்றை மெதுவாக வெளியேற்றி எடுத்துவிட்டால், உள்ளே எதுவும் இல்லாமலே துணி விறைத்து நிற்கும். காய நேரம் வேண்டும் என்பதால், விருந்துக்கு இரண்டு நாள் முன்பே நீங்களும் உங்கள் மகளும் சேர்ந்து ஆளுக்கொரு பேய் செய்து வைத்துவிடுங்கள். விருந்தன்று குழந்தைகள் கறுப்புக் காகிதத்தில் கண்ணும் வாயும் வெட்டி ஒட்டி, அதற்கு ஒரு பெயரும் வைத்தால் போதும். தானே முகம் ஒட்டிப் பெயர் வைத்த பேயைப் பார்த்து எந்தக் குழந்தையும் பயப்படுவதில்லை. வெடித்த பலூன் துண்டுகளை மட்டும் உடனுக்குடன் பொறுக்கிவிடுங்கள். சிறு குழந்தையின் மூச்சுக்குழாயை அடைப்பதில் அவை மிகவும் ஆபத்தானவை.

உங்கள் மகனுக்கு இன்னும் எளிய வேலை உண்டு. அவன் பாதத்தில் தண்ணீரில் கழுவக்கூடிய வெள்ளை வண்ணத்தைத் தடவிக் கறுப்பு அட்டையில் பதித்தால், குதிகால் தலையாகவும் விரல்கள் அலையும் கீழ்விளிம்பாகவும் மாறி ஒரு பேய் வந்துவிடும். பெரிய குழந்தைகள் சீக்கிரம் முடித்துவிட்டால், காகிதத் தட்டின் விளிம்பைச் சுற்றித் துளையிட்டு, கம்பளி நூலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்துச் சிலந்தி வலை பின்னச் சொல்லுங்கள்.

பரங்கிக்காய் இல்லாமல் ஹாலோவீன் இல்லை. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் முன்பு டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் செதுக்கினார்கள். அங்கிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள், இங்கே மலிவாகக் கிடைத்ததும் குடைவதற்கு எளிதானதுமான பரங்கிக்காய்க்கு மாறினார்கள். ஆனால் எட்டுக் குழந்தைகள் உள்ள அறையில் கத்தியை எடுக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஆளுக்கொரு சிறிய பரங்கிக்காயைக் கொடுத்து, வண்ணமும் ஸ்டிக்கரும் மார்க்கர் பேனாவும் வைத்துவிடுங்கள். குடைந்த காய் சில நாட்களில் பூஞ்சை பிடித்துச் சரிந்துவிடும், குடையாத காயோ வாரக்கணக்கில் நிற்கும். செதுக்கிய முகம் ஒன்று வேண்டும் என்று மகள் பிடிவாதமாகக் கேட்டால், அவள் வரையட்டும், முதல்நாள் நீங்கள் வெட்டுங்கள். சமையல் கத்தி வழுக்கிக் கையைக் கிழித்துவிடும் என்பதால், இதற்கென்றே விற்கும் சிறு ரம்பத்தைப் பயன்படுத்துங்கள். எடுத்த விதைகளைக் கழுவி, உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் வேகவைத்து, துடைத்து, கொஞ்சம் எண்ணெயும் மிளகாய்த்தூளும் புரட்டி 350 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவனில் பதினைந்து இருபது நிமிடம் வறுத்தால் பெரியவர்களுக்கு அருமையான கொறிப்பு. மகனுக்கு மட்டும் கொடுக்காதீர்கள்.

செதுக்கிய பரங்கிக்காய்க்குள் மெழுகுவத்தி ஏற்ற வேண்டாம். தரையளவில் தொங்கும் மாறுவேட உடைகளில் தீப்பிடிக்கும் அபாயம் இருக்கிறது. பேட்டரி விளக்கு வையுங்கள், ஆனால் அதன் அடிமூடி திருகாணியால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இத்தகைய விளக்குகள் பலவற்றில் நாணயம் போன்ற பட்டன் பேட்டரி இருக்கிறது. அதைக் குழந்தை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே கடுமையான புண் ஏற்படக்கூடும். இந்த ஆபத்துக்காகவே 2022-இல் அமெரிக்காவில் ரீஸ் சட்டம் என்ற தனிச் சட்டம் வந்தது. விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தாலே அறிகுறிக்குக் காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். நஞ்சு உதவி மையத்தின் 1-800-222-1222 என்ற எண்ணைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள்.

இனி தின்பண்டம். விதையில்லாத கமலா ஆரஞ்சை முழுதாக உரித்து, நடுவில் ஒரு சிறு செலரித் தண்டைச் செருகினால் குட்டிப் பரங்கிக்காய். வாழைப்பழத்தைக் குறுக்கே பாதியாக வெட்டி நிமிர்த்திவைத்து, சின்னஞ்சிறு சாக்லேட் துண்டுகளைக் கண்ணாகப் பதித்தால் பேய். பழம் கறுத்துவிடும் என்பதால் இதைப் பரிமாறும் நேரத்தில்தான் செய்ய வேண்டும். சூடாக ஒன்று வேண்டுமென்றால் மம்மி செய்யுங்கள். இங்கே வழக்கமாகச் சாசேஜைச் சுற்றிச் செய்வார்கள். நீங்கள் விரல் நீளத்திற்குப் பனீரை வெட்டி, உப்பும் மிளகுத்தூளும் தடவி, பஃப் பேஸ்ட்ரி மாவை மெல்லிய நாடாக்களாகக் கீறிக் கட்டுப்போடுவதுபோல் சுற்றி, கண் தெரியச் சிறு இடைவெளி விட்டு, 400 டிகிரியில் பொன்னிறமாகும்வரை சுடுங்கள். பதினைந்து நிமிடத்திற்கு மேல் ஆகலாம். நாடா சுற்றும் வேலையைக் குழந்தைகளிடமே விட்டுவிடலாம். ஆளுக்கொரு விதமாகச் சுற்றுவார்கள், தட்டில் தன்னுடையது எது என்று தேடித் தேடிச் சாப்பிடுவார்கள்.

திராட்சை, பாப்கார்ன், கெட்டி மிட்டாய், மார்ஷ்மெல்லோ ஆகியவை நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு மூச்சடைப்பு ஏற்படுத்தக்கூடியவை. திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டித் தரலாம், மற்றவற்றைத் தவிர்த்துவிடுங்கள். சைவம் என்ற வகையிலும் ஒரு கவனம் வேண்டும். மார்ஷ்மெல்லோ, பெரும்பாலான கம்மி மிட்டாய்கள், இந்தப் பருவத்தில் எங்கும் விற்கும் கார்ன் மிட்டாய் ஆகியவற்றில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருப்பது வழக்கம்.

ஒவ்வாமையுள்ள குழந்தையின் தாயிடம் ஒரு வாரம் முன்பே பேசுங்கள். வேர்க்கடலை மட்டுமா, பாதாம் முந்திரியும் உண்டா, கடும் ஒவ்வாமை ஏற்பட்டால் உடனே போடும் எபிபென் ஊசியை யார் கொண்டுவருவார்கள், எப்போது போட வேண்டும் என்பதையெல்லாம் கேட்டு எழுதிவைத்துக்கொள்வதில் சங்கடமே வேண்டாம். அந்தத் தாய் நிம்மதியடைவார். அந்தக் குழந்தைக்கெனத் தனித்தட்டு வைப்பதைவிட, அன்று வீட்டில் கடலை வகை எதுவுமே இல்லாமல் செய்வதுதான் நல்லது. கடையில் வாங்கும் ஒவ்வொரு பொட்டலத்தின் பின்புறத்தையும் படியுங்கள். ஒரே சாக்லேட்டின் பெரிய அளவுக்கும் ஹாலோவீனுக்கென்று வரும் சிறிய அளவுக்கும் உட்பொருள் வேறுபடுவதுண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை.

விளையாட்டில் மூன்று போதும். முதலாவது மம்மி கட்டுதல். இருவர் இருவராகப் பிரிந்து, ஒருவர் மற்றவரை டாய்லெட் பேப்பரால் சுற்ற வேண்டும். முகத்திலும் கழுத்திலும் சுற்றக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டாவது, கயிற்றில் தொங்கும் ஆப்பிளைக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கடிப்பது. அயர்லாந்தில் ஹாலோவீனுக்கே ஸ்னாப் ஆப்பிள் இரவு என்று ஒரு பெயர் உண்டு. டேனியல் மக்லீஸ் என்ற ஐரிஷ் ஓவியர் அந்தப் பெயரிலேயே 1833-இல் ஓர் ஓவியம் தீட்டியிருக்கிறார். தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் ஆப்பிளை வாயால் எடுக்கும் விளையாட்டைவிட இதுவே சுகாதாரமானது. வேகவைக்காத ஆப்பிள் துண்டு சிறியவனுக்குக் கடினம் என்பதால் அவனுக்கு மட்டும் மென்மையான டோனட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள்.

மூன்றாவது எல்லா வயதினரையும் வாய்பிளக்க வைக்கும். செதுக்கிய பரங்கிக்காயை ஒரு பெரிய தட்டில் வைத்து, உள்ளே ஒரு கண்ணாடிக் கோப்பையில் மூன்று கரண்டி சமையல் சோடா, சில சொட்டுப் பாத்திர சோப்பு, கொஞ்சம் பச்சை வண்ணம் போட்டு, அரைக் கோப்பை வினிகரை ஒரே மூச்சில் ஊற்றுங்கள். காரமும் அமிலமும் சேர்ந்து கரியமில வாயு உண்டாக, சோப்பு அதை நுரையாகப் பிடித்துக்கொள்ள, கண்ணிலும் வாயிலும் பச்சை நுரை வழியும். மீண்டும் மீண்டும் கேட்பார்கள், ஆகவே சோடாவும் வினிகரும் கூடுதலாகவே வாங்கி வையுங்கள். உலர் பனிக்கட்டியில் புகை வரவழைக்கும் வழியைச் சிலர் பரிந்துரைப்பார்கள். தொட்டால் தோல் புண்ணாகும், மூடிய சிறு அறையில் மூச்சுக்கும் கேடு. குழந்தைகள் உள்ள வீட்டில் அது தேவையில்லை.

மகனின் பயத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. பாவனைக்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாடு அந்த வயதில் உறுதியாகப் பிடிபடுவதில்லை. அப்பாவே முகமூடி போட்டு வந்தாலும், உள்ளே இருப்பது அப்பா என்பது அந்தக் கணத்தில் அவனுக்கு உதவாது. விருந்துக்கு முந்தைய நாட்களில் முகமூடியை அவன் கையிலேயே கொடுத்து, அவன் கண்முன் நீங்கள் போட்டுக் கழற்றிக் காட்டுங்கள். வரும் குழந்தைகளின் பெற்றோரிடம், முழுமுகத்தை மறைக்கும் முகமூடியும் இரத்தக் கறை ஒப்பனையும் வேண்டாம் என்று அழைப்பிலேயே மரியாதையாகக் குறிப்பிட்டுவிடலாம். முகத்தில் வண்ணம் தீட்டுவதானால் முதல்நாள் முன்கையில் சிறிது தடவிப் பாருங்கள்.

வழியனுப்பும்போது மிட்டாய்ப் பை கொடுக்க வேண்டியதில்லை. அவர்கள் செய்த பேயும் பரங்கிக்காயுமே பரிசு. 31-ஆம் தேதி கதவு தட்டி வரும் குழந்தைகளுக்கு மிட்டாயுடன் பென்சிலும் ஸ்டிக்கரும் ஒரு தனிக் கிண்ணத்தில் வைத்து, வாசலில் நீலப்பச்சை வண்ணம் பூசிய ஒரு பரங்கிக்காயையும் வையுங்கள். உணவல்லாத பரிசும் இந்த வீட்டில் கிடைக்கும் என்பது அதன் பொருள். அமெரிக்க உணவு ஒவ்வாமை அமைப்பு ஒன்று 2014 முதல் நாடெங்கும் பரப்பிய இந்த அடையாளத்தை இங்குள்ள பல குடும்பங்கள் அறிந்திருக்கின்றன. விருந்தில் வண்ணம் தீட்டும்போதே இதையும் தீட்டிவிடும்படி உங்கள் மகளிடம் சொல்லுங்கள்.