உடம்பு சரியில்லை, சனிக்கிழமை ரைடு இருக்கிறது: கேள்வி பதில்

கே: சனிக்கிழமை அதிகாலை 4 மணிக்குச் சென்னையிலிருந்து ஈசிஆர் வழியாகச் சைக்கிளில் புதுச்சேரி, ஞாயிறு திரும்புகிறோம். நேற்றிலிருந்து மூக்கு ஒழுகுகிறது, தொண்டையும் கரகரப்பு. போகலாமா அண்ணா?

முதலில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். மூக்கடைப்பு, தும்மல், லேசான தொண்டைக் கரகரப்பு என்று தொந்தரவு கழுத்துக்கு மேலே மட்டும் இருந்தால் மெதுவாக ஓட்டலாம். காய்ச்சல், நெஞ்சுச்சளி, மூச்சுத்திணறல், உடம்புவலி, வயிற்றுப்போக்கு, இவற்றில் ஒன்று இருந்தாலும் சைக்கிளை எடுக்காதீர்கள். சில வைரஸ்கள் இதயத் தசையையும் தாக்கும். அந்த நேரத்தில் அதைக் கடுமையாக வேலை வாங்கினால் வீக்கம் அதிகமாகி, துடிப்பின் தாளமே கெடலாம்.

இன்னொரு சோதனை: சனிக்கிழமை எழுந்ததும் படுக்கையிலேயே நாடித்துடிப்பை எண்ணுங்கள். வழக்கமாக 58 என்றால், அன்று 68க்கு மேல் இருந்தால் அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பப் படுங்கள். உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினாலே துடிப்பு கிட்டத்தட்ட 10 கூடும்.

இரண்டிலும் தேறினாலும் 150 கி.மீ. வேண்டாம். மாமல்லபுரம் வரை போங்கள். பேச்சு தடைபடாமல் முழு வாக்கியம் சொல்ல முடிகிற வேகம் போதும். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குக் காற்று முதுகைத் தள்ளுவதால் போகும்போது தெம்பாக இருப்பதுபோல் தோன்றும். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும். காய்ச்சலைக் கிளப்பிவிடுவது பெரும்பாலும் அந்த ஞாயிற்றுக்கிழமைதான். ஒரு வழி சைக்கிள், மறு வழி பஸ் என்று வெள்ளிக்கிழமையே முடிவு செய்துவிடுங்கள்.

கே: பாதி வழியில் முடியவில்லை என்றால் எங்கே திரும்புவது?

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு ரயில் நிலையம் சுமார் 30 கி.மீ., மரக்காணத்திலிருந்து திண்டிவனம் சுமார் 35. உடம்பு முடியாதவருக்கு இரண்டுமே தூரம். ஆகவே ஈசிஆரிலேயே பஸ்ஸைப் பிடியுங்கள். சைக்கிளை ஏற்றுவது கண்டக்டர் கையில் இருக்கிறது. டிக்கி உள்ள பஸ்ஸாகப் பாருங்கள். முன்சக்கரத்தைக் கழற்றி, செயின் பக்கம் மேலே இருக்கும்படி படுக்க வையுங்கள். கீழே வைத்தால் பின்சக்கரத்தில் கியர் மாற்றும் டிரெய்லியர் வளைந்துவிடும். டிஸ்க் பிரேக் என்றால் பேடுகளுக்கு நடுவே மடித்த அட்டை ஒன்றைச் செருகுங்கள். சக்கரம் இல்லாதபோது லீவர் தெரியாமல் அமுங்கினால் பேடுகள் ஒட்டிக்கொள்ளும், பிறகு ரோட்டார் (சக்கரத்தில் உள்ள பிரேக் தட்டு) உள்ளே போகாது.

கே: டோலோ 650 போட்டதும் காய்ச்சல் இறங்கிவிட்டது. கிளம்பலாமா?

கூடாது. மாத்திரை வெப்பத்தைத்தான் இறக்கியிருக்கிறது, கிருமி அப்படியே இருக்கிறது. மாத்திரை இல்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருக்க வேண்டும்.

மழைக்காலமாக இருந்தால் டெங்குவையும் நினைவில் வையுங்கள். பரிசோதிக்கும் வரை இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் எதையும் தொடாதீர்கள், ரத்தக்கசிவு ஆபத்து உண்டு. டெங்குவில் மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் விடும் கட்டம்தான் அபாயமானது. சரியாகிவிட்டது என்று நினைத்துச் சைக்கிளை எடுக்கத் தோன்றுவதும் அப்போதுதான்.

கே: ஞாயிறு 200 கி.மீ. பிஆர்எம் (நேரக் கெடு உள்ள நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்), பணம் கட்டியாகிவிட்டது. சளி மாத்திரை போட்டு ஓட்டினால்?

பணம் போனால் போகட்டும், டிஎன்எஸ் போடுங்கள், அதாவது கிளம்பாமலே விலகிவிடுங்கள். பதின்மூன்றரை மணி நேரக் கெடு இருக்கும்போது மெதுவாக ஓட்டுகிறேன் என்ற பேச்சு நிற்காது. சளிக்கான கூட்டு மாத்திரைகளில் பெரும்பாலும் குளோர்ஃபெனிரமின் இருக்கும், தூக்கம் வரும். விடியலுக்கு முன் லாரிகளோடு ஓட்டும் சாலையில் அந்தத் தூக்கம் உயிருக்கே ஆபத்து. அதே மாத்திரையில் பாராசிட்டமாலும் இருக்கலாம், மேலே டோலோவும் போட்டால் அளவு இரட்டிப்பாகிவிடும். அட்டையைத் திருப்பிப் படித்துவிட்டு விழுங்குங்கள்.

கே: வயிறு கலங்கியிருக்கிறது. ஓஆர்எஸ் பாட்டிலோடு ஓட்டலாமா சார்?

ஓட்டக் கூடாது, ஓஆர்எஸ்ஸை வீட்டில் இருந்து குடியுங்கள். கலக்குவதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். உலக சுகாதார நிறுவனச் சூத்திரப்படி வரும் பெரிய பாக்கெட் 1 லிட்டருக்கானது. அதை 750 மி.லி. சைக்கிள் பாட்டிலில் கொட்டினால் கரைசல் அடர்த்தியாகி, வயிற்றுப்போக்கு கூடலாம். லிட்டர் பாட்டிலில் கலக்கி, அதிலிருந்து ஊற்றிக்கொள்ளுங்கள். 24 மணி நேரம் தாண்டினால் கீழே ஊற்றிவிடுங்கள். பாக்கெட் கிடைக்காத இடத்தில் 1 லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. டெட்ரா பாக்கெட் இனிப்புப் பானங்கள் இதற்கு மாற்று ஆகாது.

கே: மூக்கடைப்போடு ஏற்காடு ஏறலாமா?

ஏறுவதைவிட இறங்குவதுதான் சிக்கல். மூக்கு அடைத்திருந்தால் காதுக்குப் போகும் குழாயும் அடைந்திருக்கும். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் வேகமாக இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் கூடும், நடுக்காதில் அழுத்தம் ஏறாது, செவிப்பறை உள்ளே இழுக்கப்பட்டு வலிக்கும். சில வளைவுகளுக்கு ஒருமுறை நின்று எச்சில் விழுங்குங்கள். வலி விடவில்லையென்றால் அங்கேயே காத்திருங்கள். மூக்குச் சொட்டு மருந்து உதவும், ஆனால் மூன்று நாளுக்கு மேல் போட்டால் அதுவே அடைப்பை உண்டாக்கும்.

கே: காய்ச்சல் விட்டபின் எப்படித் தொடங்குவது?

முதல் நாள் சமதளத்தில் 30 நிமிடம், லேசான கியர். மறுநாள் காலை நாடித்துடிப்பு பழைய எண்ணுக்கு வந்திருந்தால் ஒரு மணி நேரம். ஏற்றமும் வேகமும் ஒரு வாரம் கழித்து. நெஞ்சுவலி, படபடப்பு, தலைசுற்றல் எது வந்தாலும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஈசிஜி எடுக்கக் கேளுங்கள்.

கே: எனக்குச் சளிதான், காய்ச்சல் இல்லை. குழுவோடு ஓட்டலாமா?

தனியாக ஓட்டுங்கள். குழுவோடுதான் என்றால் கடைசி ஆளாக வாருங்கள், முன்னால் போய் யாரையும் உங்கள் பின்னால் ஒட்ட வைக்காதீர்கள். பாட்டிலை யாருக்கும் தராதீர்கள். டீக்கடையில் தனியாக உட்காருங்கள்.