ஸ்டென்ட் வைத்தவர் பனி அள்ளலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 67. இரண்டு வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். சர்க்கரையும் உண்டு. இப்போது அமெரிக்காவில், பஃபலோவில் மகன் வீட்டில் இருக்கிறார். பெரிய பனிப்புயல் வருகிறதாம். "தினமும் பீச்சில் நடந்தவன்தானே, வாசல் பனியை நானே அள்ளிவிடுவேன்" என்கிறார். விடலாமா?
- வாசகி, பெசன்ட் நகர், சென்னை

பதில்: வேண்டாம் அம்மா. இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

கடற்கரையில் நடப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் பனி அள்ளுவது வேறு வேலை. பார்க்கப் பஞ்சு மாதிரி இருக்கும், ஈரப்பனியைத் தூக்கினால் கனம் தெரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு கையால் தூக்கி வீசும்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். அதே நேரத்தில் குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும். இதயத்துக்கு அதிக ரத்தம் தேவைப்படுகிற அந்த நிமிடத்தில்தான் வழி குறுகுகிறது. ஸ்டென்ட் என்பது ரத்தக் குழாய்க்குள் வைக்கும் சிறு வலைக்குழாய். வைத்த ஓர் இடத்தைத்தான் அது திறந்து வைக்கிறது; மற்றக் குழாய்களுக்கு அது காவல் இல்லை.

2022 டிசம்பரில் இதே பஃபலோவில் அடித்த புயலில் பனி அள்ளும்போது மாரடைப்பு வந்து இறந்தவர்கள் உண்டு. ஆம்புலன்ஸ்களே பனியில் சிக்கிக்கொண்டன. அதனால் மாத்திரை, இன்சுலின் எல்லாம் இரண்டு வாரத்துக்காவது கையில் இருக்கட்டும். இன்சுலினைக் காரில் விட்டுவிடக் கூடாது. ஒருமுறை உறைந்துவிட்டால் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

சர்க்கரை உள்ளவர் என்பதால் இன்னொன்று. மாரடைப்பு வந்தாலும் நெஞ்சு வலி தெரியாமல் போகலாம். மூச்சு வாங்கினாலோ, காரணமில்லாமல் வியர்த்தாலோ, தாடையோ கையோ வலித்தாலோ யோசிக்காமல் அங்குள்ள அவசர உதவி எண் 911ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

சர்க்கரையால் கால் மரத்துப்போயிருந்தால் குளிர் கடிப்பதும் தெரியாது. காற்றோடு சேர்ந்து உணரும் குளிர் மைனஸ் 28 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறைந்துவிடலாம். நம் ஊர் மார்கழிக்குப் போடும் மங்கி குல்லா அங்கே போதாது. விரல் வெளுத்து மரத்துப்போனால் தேய்க்கவோ ஹீட்டரில் காட்டவோ கூடாது, உணர்வில்லாத இடம் வெந்துபோகும். உள்ளே வந்து வெதுவெதுப்பான நீரில் வைக்கட்டும். நீரின் சூட்டை மகன் தொட்டுப் பார்க்க வேண்டும், அவர் அல்ல. பிறகு டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

புயல் ஓயும்வரை வீட்டுக்குள்ளேயே காலையும் மாலையும் நடக்கட்டும். சும்மா உட்கார முடியாதவர் போலிருக்கிறது. சமையலறை வேலையை அவரிடம் கொடுக்கும்படி மருமகளிடம் சொல்லுங்கள்.