கையால் எஸ்எம்டி (போர்டின் மேற்பரப்பிலேயே ஒட்டும் சிறு பாகங்கள்) சால்டரிங்: கேள்வி பதில்

கேள்வி: 50 போர்டு செய்யணும் சார். ஒவ்வொன்றிலும் 0603 என்ற மிகச் சிறிய அளவில் ரெசிஸ்டர், கெபாசிட்டர் என்று 40 பாகங்கள். அயர்ன் மட்டும் போதுமா?

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள், பாகத்துக்கு இரண்டு முனை, மொத்தம் 4,000 இணைப்பு. ஸ்டென்சில் (பாகம் ஒட்டும் இடங்களில் மட்டும் துளையுள்ள தகடு) வைத்து சால்டர் பேஸ்ட் (சால்டர் தூளும் ஃப்ளக்ஸும் கலந்த பசை) தடவி, பாகங்களை அடுக்கி, ஹாட் பிளேட்டில் உருக்குங்கள். அயர்ன் திருத்தத்துக்கு மட்டும். ஸ்டென்சில் 0.1 அல்லது 0.12 மி.மீ. தடிமன் இருந்தால் சரி.

அதைவிட முக்கியம், முதலில் ஒரே ஒரு போர்டை முழுதாக முடித்து, கரன்ட் கொடுத்துச் சோதியுங்கள். டயோடு திசை தப்பு என்று அங்கேயே தெரிந்தால் ஒன்றைத்தான் பிரிக்க வேண்டும். அப்புறம் ஐந்தாறு போர்டாக எடுங்கள். மொத்தமாகத் தடவி வைத்தால் பேஸ்ட் காய்ந்துவிடும். ஒரு மதிப்புள்ள பாகத்தை அத்தனை போர்டிலும் வைத்து முடித்த பிறகே அடுத்த பாகத்தின் டேப்பைப் பிரியுங்கள். செராமிக் கெபாசிட்டரில் பெரும்பாலும் எழுத்தே இருக்காது; கலந்துவிட்டால் ஒவ்வொன்றாக அளக்க வேண்டியதுதான்.

கேள்வி: சில ரெசிஸ்டர் ஒரு முனையில் எழுந்து நிற்கிறதே, ஏன்?

பதில்: ஒரு பேடில் (பாகத்தின் முனை ஒட்டும் செம்புப் பரப்பு) சால்டர் முந்தி உருகி, பரப்பு இழுவிசையால் பாகத்தைத் தன் பக்கம் இழுத்துவிடுகிறது. இரண்டு பேடிலும் பேஸ்ட் ஒரே அளவா என்று பாருங்கள். ஒரு பேட் மட்டும் பெரிய கிரவுண்ட் செம்போடு நேராகச் சேர்ந்திருந்தால் அது தாமதமாகத்தான் சூடாகும். உருகுவதற்கு முன் 150 டிகிரியில் ஒரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள். அடுத்த டிசைனில் அந்த பேடை மெல்லிய கோடுகளால் இணையுங்கள்.

கேள்வி: 0.5 மி.மீ. இடைவெளி ஐசியில் கால்கள் ஒட்டிக்கொள்கின்றன. ஊசி டிப்தான் வைத்திருக்கிறேன் அண்ணா.

பதில்: ஊசி டிப்பை மாற்றுங்கள், அதில் சூடு நிற்காது. சாய்வாக வெட்டிய அகல டிப் எடுங்கள். எதிரெதிர் மூலையில் இரண்டு காலை ஒட்டி, ஐசி நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஃப்ளக்ஸை (சால்டர் நன்றாகப் பரவி ஒட்ட உதவும் பொருள்) தாராளமாகப் போடுங்கள். டிப்பில் கொஞ்சம் சால்டர் எடுத்து மெதுவாக இழுத்துப் போனால் அது தானே பிரிந்து உட்காரும். மிச்சம் ஒட்டினால் செம்பு விக் (அதிக சால்டரை உறிஞ்சும் பின்னல்), கூடவே இன்னும் ஃப்ளக்ஸ்.

கேள்வி: எந்த சால்டர் வாங்கணும், ஈயம் உள்ளதா, இல்லாததா?

பதில்: கைவேலைக்கு 63/37 (63% வெள்ளீயம், 37% ஈயம்) சுலபம், 183 டிகிரியில் உருகும். ஈயமில்லாத எஸ்ஏசி305-க்கு 217-க்கு மேல் வேண்டும். விற்கிற பொருள் என்றால் அந்த நாட்டு விதியைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் ஈயத்தைக் கட்டுப்படுத்துகிறது. புகை ஃப்ளக்ஸிலிருந்து வருவது, அதற்கு ஃபேன் வேண்டும். ஈயம் கை வழியாக வாய்க்குப் போகும். வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.