வட்டத்துக்கு முன்பக்கம் கிடையாது

அன்புள்ள ஐயா,

எனக்கு 44 வயது. தொண்டியில் இருக்கிறேன், தபால் அலுவலகத்தில் வேலை. நாலு மாதமாக ஞாயிறுதோறும் ராமநாதபுரம் போய் பரதநாட்டியம் கற்கிறேன். சின்ன வயதில் ஆசைப்பட்டேன், அப்போது வசதியில்லை. வகுப்பில் மற்றவர்கள் எல்லோரும் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள். நான் கடைசி வரிசை. இன்னும் முதல் பாடமான தட்டடவிலேயே இருக்கிறேன், முட்டியை இரு பக்கமும் விரித்து மடக்கிப் பாதி உட்காரும் அரைமண்டியில் பாதிகூட இறங்க முடியவில்லை. வீட்டில் ஆடுவதை போனில் எடுத்துப் பார்த்தால் அழுகை வருகிறது. 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்கிறார் மாமியார். இந்த வயதில் அரைமண்டி வருமா? முட்டி கெட்டுவிடுமா? பேசாமல் நிறுத்திவிடலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

நிறுத்தக் கூடாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாமியாரின் பழமொழியை விடுங்கள், அது பிள்ளை வளர்ப்பவர்களுக்குச் சொன்னது. கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி 1935இல் அடையாற்றில் பரதம் ஆடி மேடையேறியபோது அவருக்கு 31 வயது என்று யாராவது ஆறுதல் சொல்லியிருப்பார்கள். அந்த ஆறுதலும் வேண்டாம். அவர் அதற்கு முன்பே பாலே பயின்றவர். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்றவர். நீங்கள் ஆறு நாள் தபால் வேலை பார்த்துவிட்டு ஏழாவது நாள் தேவிபட்டினம் வழியாக பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர். உங்கள் கணக்கு வேறு.

என்னைத் தைத்தது அந்த போன்தான். போன வாரம் எங்கள் ஊரில் முளைக்கொட்டு, அதாவது முளைப்பாரித் திருவிழா, முடிந்தது. முளைப்பாரியை ஊருணியில் கரைத்துவிட்டு வந்து படுத்தபோது எதை நினைத்துக்கொண்டிருந்தேனோ, உங்கள் கடிதமும் அதையே கேட்கிறது.

ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசத்துச் சுவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? ராஜா சேதுபதி உட்கார்ந்திருக்கிறார், அவர் முன்னால் பெண்கள் ஆடுகிறார்கள். அந்த ஆட்டத்துக்கு ஒரு முன்பக்கம் இருக்கிறது, அங்கே ஓர் இருக்கை இருக்கிறது. நம் முளைக்கொட்டுத் திண்ணைக்கு அது கிடையாது. திண்ணையைச் சுற்றிப் பெண்கள் வட்டமாகக் கும்மியடிக்கிறார்கள். வட்டத்தில் யார் முதல் வரிசை, யார் கடைசி வரிசை? தெரிந்தவள் இரண்டு பேருக்கு நடுவே தெரியாதவள் ஒருத்தி நுழைந்துவிட்டால் போதும், அவள் பிழையை வட்டமே விழுங்கிவிடும். நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள்? யாருமில்லாத வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, எதிரே போனை நிறுத்தி, அதை ராஜாவாக உட்காரவைத்துவிட்டீர்கள். நாலு மாதக் குழந்தையைத் தர்பாரில் ஆடவிட்டு, நன்றாக ஆடவில்லை என்று அழுகிறீர்கள். இது உங்களுக்கு நீங்களே செய்துகொள்கிற கொடுமை.

என் அம்மாவுக்குக் கும்மி தெரியாது. நாங்கள் தனுஷ்கோடிக்காரர்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் வீடும் போய், என் தங்கையும் போனாள். சொந்தக்காரர் ஒருவர் தயவில் உச்சிப்புளிப் பக்கம் ஒரு கிராமத்தில் வந்து ஒதுங்கினோம். எனக்குப் பத்து வயது, அம்மாவுக்கு முப்பத்திரண்டு. அம்மா சமைப்பாள், தண்ணீர் எடுப்பாள், மற்ற நேரமெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். இரண்டாவது வருஷம் முளைக்கொட்டின்போது பக்கத்து வீட்டு அப்பத்தா உள்ளே வந்தார். "எந்திரிடி, நடு வீட்டுல உக்காந்து என்னத்த காக்குற?" என்று மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வட்டத்தில் தனக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

நான் வேப்பமரத்தடியில் நின்று பார்த்தேன். எல்லோரும் குனிந்து தட்டும்போது அம்மா நிமிர்ந்து நின்றாள். எல்லோரும் நிமிரும்போது குனிந்தாள். ஒரு குமரி களுக்கென்று சிரித்தாள். அப்பத்தா பாட்டை நிறுத்தவில்லை, அவளைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். மூன்றாம் நாள் ராத்திரி அம்மாவின் கால் பிடித்துக்கொண்டது. கை மட்டும் பிடிக்கவேயில்லை. அதற்கப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல் அந்தத் திண்ணையைச் சுற்றி வந்தாள். கடைசி வரைக்கும் மற்றவர்கள் தட்டி முடித்த பிறகு ஒரு தட்டு தனியாகக் கேட்கும். இருட்டில் வீட்டில் படுத்திருந்தாலும் அந்தத் தட்டை வைத்து, அம்மா இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். இந்த வருஷம் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டார்கள். வட்டத்தில் பதினோரு பேர். எல்லோரும் சரியாகத் தட்டினார்கள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

சரி, அரைமண்டி. தொடை இடுப்பிலிருந்து திரும்ப வேண்டும். பாதத்தை மட்டும் வெளியே திருப்பி முட்டியை முறுக்கினால் கட்டாயம் வலிக்கும். இறங்கும்போது முட்டி, பாதம் காட்டுகிற திசையிலேயே போகட்டும். அப்படி எவ்வளவு இறங்க முடிகிறதோ அதுதான் இன்றைக்கு உங்கள் அரைமண்டி. இடுப்பெலும்பின் அமைப்பு இனி மாறாது, தசை மெல்ல மெல்ல இளகும். வெறும் சிமெண்டுத் தரையில் ஓங்கித் தட்டாதீர்கள். வலி மறுநாளும் நின்றால் மருத்துவரிடம் காட்டுங்கள், என்னிடம் கேட்காதீர்கள்.

அப்புறம், வருகிற ஞாயிறு உங்கள் ஆசிரியையிடம் ஒன்று கேளுங்கள். கடைசி வரிசை வேண்டாம், நன்றாகத் தட்டுகிற இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் நிற்கிறேன் என்று சொல்லுங்கள். அவர் யோசித்தால் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். போனை பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே அணைத்துவிடுங்கள்.