165 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு? கார்டை மட்டும் மாத்தினாப் போதுமா?

கேள்வி: திருப்பூர்ல இருக்கேன். ரைசன் 5 3600, பி450 போர்டு, 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், 450 வாட் பவர் சப்ளை. புதுசா 165 ஹெர்ட்ஸ் 1080பி மானிட்டர் வாங்கியிருக்கேன். அதிகமா வேலரன்ட், நடுநடுவுல சைபர்பங்க் மாதிரி பெரிய கேம். எந்த கார்டு போடலாம்?

பதில்:

கார்டு பேரைச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு கணக்குங்க. 60 ஹெர்ட்ஸ்ல, அதாவது திரை செகண்டுக்கு 60 தடவை மாறுறப்ப, ஒரு ஃபிரேமுக்கு (ஒரு படத்துக்கு) 16.7 மில்லிசெகண்ட் அவகாசம் இருக்கு. 165-ல வெறும் 6.06. அதுக்குள்ள பிராசசரும் தன் பங்கை முடிக்கணும், கார்டும் முடிக்கணும். செட்டிங்ஸைக் குறைச்சா கார்டோட சுமை இறங்கும். பிராசசரோட சுமை பெரும்பாலும் அப்படியே நிக்கும். காங்கேயம் காளைக்கு ஜோடியா கன்னுக்குட்டியைப் பூட்டினா, வண்டி கன்னுக்குட்டி நடைக்குத்தான் போகும்.

அதனால முதல்ல எது பின்தங்குதுன்னு பாருங்க. ஆஃப்டர்பர்னர்ங்கிற சாஃப்ட்வேரைப் போட்டு, ஜிபியு யூசேஜை (கார்டு எவ்வளவு வேலை செய்யுதுங்கிறதை) திரை மூலையில காட்ட வைங்க. ஃபிரேம் லிமிட், விசின்க் (ஃபிரேமைத் திரை வேகத்துக்குள்ள கட்டிப்போடுற செட்டிங்) ரெண்டையும் அணைச்சுட்டு விளையாடுங்க. யூசேஜ் 95 சதவீதத்துக்கு மேல நின்னா கார்டு பத்தலை. 60, 70-லயே ஆடிட்டு ஃபிரேமும் விழுந்தா பிராசசர் பத்தலை. இதுல பலபேர் ஏமாறுற இடம் ஒண்ணு இருக்கு: சிபியு யூசேஜ் 40 சதவீதம்தானே காட்டுது, அப்புறம் எப்படிம்பாங்க. பிராசசரோட 12 த்ரெட்ல (ஒரே நேரத்துல வேலை ஓடுற தடத்துல) ஒண்ணு ரெண்டு முழுசா நிரம்பி, மத்ததெல்லாம் அரைகுறையா ஓடினாலும் சராசரி அப்படிக் கம்மியாத்தான் வரும். சந்தேகமா இருந்தா ரெசல்யூஷனை 720பிக்கு இறக்குங்க. ஃபிரேம் ஏறலைன்னா குற்றவாளி பிராசசர்தான்.

உங்க சிஸ்டத்துல வேலரன்ட்ல பிராசசர் பின்தங்கும், சைபர்பங்க்ல கார்டு பின்தங்கும். ரெண்டுக்கும் மருந்து வேற வேற.

காசு செலவழிக்காம செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கு. புது மானிட்டரை மாட்டினதும் விண்டோஸ் 60 ஹெர்ட்ஸ்லயே ஓட்டிட்டு இருக்கலாம். டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் 165 தேர்ந்தெடுங்க. அந்தப் பட்டியல்லயே 165 வரலைன்னா கேபிளை மாத்தி டிஸ்ப்ளேபோர்ட்ல போடுங்க. பழைய எச்டிஎம்ஐ 1.4 போர்ட் 1080பில 120 வரைக்கும்தான் தாங்கும். அடுத்து ரேம். ஒரே 16 ஜிபி குச்சியா இருந்தா, ரெண்டு 8 ஜிபியா மாத்தினாலே ஃபிரேம் விழுறது குறையும். 3200 வேகம்னு வாங்கின ரேம், பயாஸ்ல (போர்டோட அடிப்படை செட்டிங்ஸ்ல) எக்ஸ்எம்பிங்கிற ரேம் வேக செட்டிங்கைப் போடாத வரைக்கும் 2133 இல்லைன்னா 2400-லதான் ஓடும்.

இப்ப கார்டு. உங்க பி450 போர்டுல கார்டு சொருகுற ஸ்லாட் பிசிஐஇ 3.0 தலைமுறை. என்விடியாவோட ஆர்டிஎக்ஸ் 4060, 5060, 5060 டிஐ எல்லாமே எட்டு லேன் (டேட்டா போற பாதை) கார்டு. உங்க போர்டுல அந்த எட்டு லேனும் 3.0 வேகத்துலதான் போகும். விரேம் (கார்டோட சொந்த மெமரி) நிரம்பாத வரைக்கும் இது பெருசாத் தெரியாது. 8 ஜிபி நிரம்பி வழிய ஆரம்பிச்சா, மெயின் ரேம்ல இருந்து அந்த ஒடுக்கமான வழியிலதான் டேட்டா வந்து போகணும். அப்பத்தான் திக்கித் திக்கி நிக்கும். ஏஎம்டியோட ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி பதினாறு லேன், 16 ஜிபி மாடலும் இருக்கு, 160 வாட்தான். உங்க போர்டுக்கு என் ஓட்டு அதுக்குத்தான். அதுலயே 8 ஜிபி மாடலும் இருக்கு, பெட்டியைப் பார்த்து வாங்குங்க. இன்டெல் ஆர்க் பி580 12 ஜிபின்னு ஆசை காட்டும். ஆனா அதோட டிரைவர் பிராசசரை ரொம்ப வேலை வாங்கும், 3600-ஓட சேர்த்தா முழுப் பலம் வெளிய வராது. வேண்டாமுங்க.

வேலரன்ட்தான் முக்கியம்னா கார்டை விட்டுட்டு பிராசசரை மாத்துங்க. அதே சாக்கெட்ல ரைசன் 7 5700எக்ஸ்3டி உக்காரும். 3600-ல எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளயே இருக்கிற வேகமான மெமரி) 32 எம்பி, அதுல 96. பயாஸை முதல்லயே அப்டேட் பண்ணுங்க, அதுவும் யுபிஎஸ்ல மாட்டியிருந்தா மட்டும். பாதியில கரண்ட் போனா போர்டு போச்சு. 5700எக்ஸ்3டியோட கூலர் வராது, 3600-க்கு வந்த சின்ன கூலரும் பத்தாது. டவர் கூலர் ஒண்ணு தனியா வாங்கணும். அந்தப் பிராசசர் கடையில கிடைக்கலைன்னா ரைசன் 5 5600 கூட 3600-ஐ விட நல்ல ஏற்றம்தான்.

பவர் சப்ளை நல்ல கம்பெனி 450 வாட்னா 9060 எக்ஸ்டிக்குப் போதும். கார்டு 160, உங்க 3600 பிராசசர் அதிகபட்சம் 88, மத்ததுக்கு 50, ஆக சுமார் 300 வாட். மோலக்ஸ்ல (பழைய நாலு பின் பவர் கனெக்டர்ல) இருந்து கார்டோட 8 பின்னுக்கு மாத்துற அடாப்டர் மட்டும் போடாதீங்க. வீட்டுல சாதாரணமா இருக்கிற 600 விஏ யுபிஎஸ் 360 வாட் பக்கம்தான் தாங்கும். மானிட்டரையும் அதுலயே மாட்டியிருந்தா, கரண்ட் போற நேரம் கேம்ல இருந்தீங்கன்னா அதுவும் சேர்ந்தே அணையும். 1000 விஏ வைங்க.

நம்ம ஊர்ல தனியா ஒரு தொல்லை இருக்கு, பஞ்சுத் தூசி. திருப்பூர், சோமனூர் பக்கம் நூல் பிசிறும், பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்த் தூளும் ஹீட்சிங்க் இடுக்குல கம்பளி மாதிரி படியும். மேலோட்டமாப் பார்த்தா ஃபேன் சுத்தமாத்தான் தெரியும், உள்ளே காத்தே போகாது. சூடு ஏறி, கார்டு தானா வேகத்தைக் குறைச்சுக்கும். கேபினெட் முன்னாடி கழட்டிக் கழுவுற வலை ஃபில்டர் இருக்கணும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்கங்க. காத்து வேகத்துக்கு ஓவராச் சுத்தினா பேரிங் போயிரும்.

பழைய கார்டு வாங்குறதா இருந்தா, பில்லுல இருக்கிற சீரியல் நம்பரும் கார்டு மேல இருக்கிறதும் ஒண்ணான்னு பாருங்க. அரை மணி நேரம் முழு லோடுல ஓட்டி, ஃபேன் சத்தம், திரையில புள்ளி கோடு ஏதாவது வருதான்னு கவனிங்க.

மாட்டுறதுக்கு முன்னாடி கேபினெட்ல நீளத்தை அளந்துருங்க. மூணு ஃபேன் மாடல் 30 சென்டிமீட்டர் பக்கம் வரும். என்விடியால இருந்து ஏஎம்டிக்குப் போறதால, சேஃப் மோடுல டிடியுங்கிற சாஃப்ட்வேரை வச்சு பழைய டிரைவரைத் துடைச்சுட்டு அப்புறம் புதுசைப் போடுங்க. ஃபிரேம் ஜெனரேஷனை (நடுவுல கார்டே ஃபிரேமை உருவாக்கிச் சொருகுற வசதி) சைபர்பங்க்ல வேணா போட்டுக்கலாம். அது எண்ணிக்கையைக் கூட்டுமே ஒழிய மவுஸ் அசைவு திரைக்கு வர்ற நேரத்தைக் குறைக்காது. கடைசியா, ஃப்ரீசின்க் (கார்டோட ஃபிரேம் வேகத்துக்குத் திரையை ஒத்துப்போக வைக்கிற வசதி) போட்டு ஃபிரேம் லிமிட்டை 160 பக்கம் வைங்க. 165-ஐத் தாண்டிட்டா ஃப்ரீசின்க் வேலை செய்யாது, படம் கிழியும்.