கோத்தகிரியில் இருந்தபடியே விமானிப் படிப்பு

தம்பி, பயிற்சிக்கு ஆறு மாதம் இருக்கிறது, கோத்தகிரியில் வகுப்பு இல்லை, எதில் தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் டிஜிசிஏ (விமானி உரிமம் தரும் மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) கேட்கும் இரண்டாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். பணம் கட்டியபிறகு கண்ணில் குறை தெரிந்தால் பெரும் வேதனை.

அப்புறம் வானிலையியல். அது உங்கள் வாசலிலேயே நடக்கிறது. திட்ட வளிமண்டலம், அதாவது விமானத்துறை பொது அளவுகோலாக வைத்திருக்கும் சராசரி வளிமண்டலம், அதன் கணக்கில் ஆயிரம் அடி உயரத்துக்குச் சுமார் 2 டிகிரி செல்சியஸ் குளிரும். மேட்டுப்பாளையம் இறங்கும்போது ஒரு சின்னத் தெர்மாமீட்டரோடு அங்கங்கே குறித்துப் பாருங்கள், கணக்கு பிசகும். ஈரக்காற்று மலையேறி மேகமாகும்போது வெப்பத்தை வெளியிடுவதால் அவ்வளவு வேகமாகக் குளிராது. இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பாடம் கைக்கு வந்துவிடும். உயரத்தில் காற்று மெலிவதால் ஓடுதளம் ஏன் நீள வேண்டும் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

டிஜிசிஏ எழுத்துத் தேர்வில் வரும் வான்வழி விதிமுறைத் தாளைக் கடைசி இரண்டு மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம். தேர்ச்சிக்கு 70 சதவீதம் வேண்டும்.