லேடி டாக்டர்தான் வேணுமா?

ஏற்காட்டில் எஸ்டேட் வேலை செய்கிறேன். வெள்ளைப்படுதல், அரிப்பு. இங்கே இருப்பது ஆண் டாக்டர். கூச்சமாக இருக்கிறது. சேலத்துக்கே வந்துவிடட்டுமா?

இதற்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மலை இறங்க வேண்டாம், தாயி. முதலில் அங்குள்ள நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள். அவரே சீட்டில் எழுதி உள்ளே அனுப்புவார், பாதிக் கூச்சம் அங்கேயே போய்விடும். எத்தனை நாளாக, என்ன நிறம், வாடை உண்டா, திப்பி திப்பியாகப் படுகிறதா, கடைசியாக மாதவிலக்கு வந்தது எப்போது என்பதெல்லாம் தெரிந்தால்தான் மருந்து சரியாக அமையும். திப்பியாகப் பட்டு அரித்தால் பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. பச்சை நிறமும் கெட்ட வாடையும் இருந்தால் மருந்தே வேறு, சில சமயம் வீட்டுக்காரருக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டிவரும். வாய் வராமல் ‘உடம்பு அசதி’ என்று மட்டும் சொல்லிவிட்டு சத்து மாத்திரையோடு திரும்புகிறவர்கள்தான் எனக்குக் கவலை.

பரிசோதனை அறையில் ஆண் டாக்டர் மட்டும் இருந்தால் மறுக்கலாமா?

தாராளமாக. ஆண் டாக்டர் பெண்ணைப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும் என்று தேசிய மனித உரிமை ஆணையத்தின் 2018 நோயாளர் உரிமை சாசனமே சொல்கிறது. “சிஸ்டர் வரட்டும், அப்புறம் பாருங்க” என்றால் போதும். ஆனால் பேசும்போது மாமியார் வெளியே இருப்பது நல்லது!

பெண் டாக்டர்கள்தான் பொறுமையாகக் கேட்பார்களாமே?

பொது மருத்துவத்தில் ஓரளவு உண்மை. 2002-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த தொகுப்பாய்வில், பெண் டாக்டர்கள் ஒரு நோயாளியோடு சராசரியாக 2 நிமிடம் கூடுதலாகச் செலவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், மகப்பேறு, மகளிர் மருத்துவத்தில் மட்டும் மனசைத் தொட்டுப் பேசியதில் ஆண் டாக்டர்களே முந்தியிருந்தார்கள். என்னைக் கேட்டால், வெளியே வரிசை நீண்டுவிட்டால் யாராக இருந்தாலும் அவசரம்தான்.

அம்மாவுக்கு மாதவிலக்கு நின்று 2 வருஷம் ஆகிறது. இப்போது லேசாக இரத்தம் படுகிறது. லேடி டாக்டர் ஊரிலிருந்து வந்ததும் காட்டலாம் என்கிறார்.

காத்திருக்காதீர்கள். பல பேருக்கு இது சாதாரணக் காரணம்தான். ஆனாலும் ஒரு சொட்டே என்றாலும் கருப்பைப் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். வயிற்றுக்கு மேலே வைத்து எடுக்கிற ஸ்கேனை நாளைக்கே எடுத்துவிடலாம். உள்பரிசோதனையையும் சதைப் பரிசோதனையையும் யார் செய்வது என்று ரிப்போர்ட் வந்ததும் அம்மாவையே கேளுங்கள்.